அறிக்கை யாருடையது?

கொடியங்குளம் (1995), மேலவளவு (1997), வேங்கைவயல் (2022) – வன்கொடுமை நடந்த இடத்துக்கெல்லாம் உண்மை அறியும் குழுக்கள் போகின்றன. நானும் சில குழுக்களில் போயிருக்கேன். திரும்பும் வேனில் பேராசிரியரும் வக்கீலும் பேசுவார்கள். சேரித் தோழர் வழிகாட்ட மட்டும்தான். யார் பேரை அச்சில் போட்டால் போலீஸ் எந்த வீட்டுக் கதவைத் தட்டும் என்பது அவருக்குத்தானே தெரியும்?

அன்று ராத்திரியே குழு வட்டமாக உட்காரட்டும். முதல் பேச்சு அவருக்கு. ஒருவர் குறிப்பை வாசிக்க, மற்றவர்கள் கேட்கட்டும்: ‘இது அவங்க சொன்னதா, நீங்களா நினைச்சதா? பெண்கள் சொன்னது எங்கே?’ மாறுபட்ட கருத்தையும் பதியட்டும். அச்சுக்கு முன் அந்தச் சேரியிலேயே வாசித்துக் காட்டட்டும்.

நேரமில்லை என்பார்கள். நம்ம சாவை எழுத நேரமிருக்கு, நம்மகிட்ட கேட்க இல்லையா?