பல்லேகல மைதானமும் கேட்காமல் அறவிட்ட வரியும்

ஊரில் ஒரு விளையாட்டரங்கு கட்டுவதற்காக, மக்கள் கடையில் வாங்கும் பொருள்களின் மீது சிறு விற்பனை வரி ஒன்றை விதிக்கலாமா என்று அந்த மக்களிடமே வாக்குக் கேட்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. 2024 ஏப்ரல் 2ஆம் திகதி மிசூரி மாநிலத்தின் ஜாக்சன் மாவட்டத்தில் அத்தகைய வாக்கெடுப்பு ஒன்று நடந்தது. கன்சாஸ் சிட்டி நகரின் இரண்டு பிரபல விளையாட்டு அணிகளுக்காக, நூறு டொலருக்கு முப்பத்தேழரைச் சதம் என்ற வரியை நாற்பது ஆண்டுகளுக்கு அறவிடுவது என்பதே யோசனை. அந்த அணிகளுள் ஒன்று அதற்கு இரு மாதங்களுக்கு முன்னர்தான் தேசிய வாகையர் பட்டத்தை வென்றிருந்தது. இருந்தும் வாக்களித்தோரில் ஏறத்தாழ 58 வீதமானோர் 'வேண்டாம்' என்று கூறிவிட்டனர்.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் திகனதான் நினைவுக்கு வந்தது.

கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் குண்டசாலையைத் தாண்டினால் பல்லேகல. அதற்கும் அப்பால் திகன. பல்லேகலவில் ஏறத்தாழ 35,000 பேர் அமரக்கூடிய சர்வதேச கிரிக்கெட் மைதானம் இருக்கின்றது. 2009 நவம்பரில் திறந்துவைக்கப்பட்டு, 2010 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகள் அணியுடன் முதலாவது டெஸ்ட் போட்டியைக் கண்ட அரங்கு அது. அந்தப் போட்டியைப் பெரும்பாலும் மழையே ஆடி முடித்தது என்பது வேறு கதை. அதற்கு முன்னர் கண்டியின் டெஸ்ட் மைதானம் அஸ்கிரிய. திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமான அந்தப் பாடசாலை மைதானத்தில் 1983 முதல் 2007 வரை டெஸ்ட் போட்டிகள் நடந்தன. ஷேன் வோர்னின் 708 விக்கெட் சாதனையை முத்தையா முரளிதரன் முறியடித்ததும் அங்கேதான்.

பல்லேகல மைதானத்துக்காக ஒரு வரி விதிக்கட்டுமா என்று குண்டசாலைப் பிரதேச சபையோ, மத்திய மாகாண சபையோ, மத்திய அரசோ திகன மக்களிடம் ஒருநாளும் கேட்டதில்லை. ஆகவே அவர்கள் வரி கட்டவில்லை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. கேட்காத வரிக்கும் பற்றுச்சீட்டு உண்டு. அது வேறு பெயரில் வருகின்றது, அவ்வளவுதான்.

2011 உலகக் கிண்ணப் போட்டிகளுக்காக இலங்கை கிரிக்கெட் சபை ஒரே வேளையில் மூன்று பெரும் வேலைகளில் இறங்கியது. அம்பாந்தோட்டையின் சூரியவெவவில் காட்டை வெட்டி ஒரு புதிய மைதானம், பல்லேகலவில் இன்னொன்று, கொழும்பில் பிரேமதாச மைதானத்தின் புனரமைப்பு. உலகக் கிண்ணம் முடிந்தபோது சபை கடனில் மூழ்கியிருந்தது. பல மாதங்களாக வீரர்களுக்கே சம்பளம் கொடுக்க முடியவில்லை. இறுதிப் போட்டி வரை சென்ற அணியின் நிலை அது! சபை நிதி நெருக்கடியில் இருப்பதை அப்போதைய விளையாட்டுத்துறை அமைச்சர் மகிந்தானந்த அளுத்கமகேயே பகிரங்கமாகக் கூறினார். மைதானங்களைப் பராமரிக்கும் பொறுப்பை முப்படைகளிடம் ஒப்படைக்கும் முடிவும் அந்த ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டது. படையினரின் சம்பளம் எங்கிருந்து வருகின்றது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

அந்த உலகக் கிண்ணத்தில் பல்லேகலவில் நடந்த போட்டிகள் மூன்று.

கிரிக்கெட் சபையின் பணம் ஒளிபரப்பு உரிமையிலிருந்தும் சர்வதேச கிரிக்கெட் பேரவையிடமிருந்தும் வருவது, அதில் மக்களின் பணம் எங்கே என்று சிலர் கேட்பர். நல்ல காலத்தில் அந்த வாதம் சரியாகவே தோன்றும். ஆனால் சபை 1973ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய அமைப்பு. அது சம்பாதிப்பதெல்லாம் நாட்டின் பெயரால் ஆடும் ஓர் அணியைக் கொண்டுதான். இலாபம் வரும்போது அது சபையின் பணம், நட்டம் வரும்போது திறைசேரியின் கவலை என்ற ஏற்பாட்டைத் தனியார் முயற்சி என்று எப்படி அழைப்பது?

இனி, பலர் மறந்துவிட்ட ஒரு விடயத்துக்கு வருகின்றேன். உள்ளூர் விற்பனை வரி என்பது இலங்கைக்குப் புதியதல்ல. 1987இல் நிறைவேற்றப்பட்ட 13ஆவது திருத்தம், மொத்த, சில்லறை விற்பனைகளின் மீது புரள்வு வரி விதிக்கும் அதிகாரத்தை மாகாண சபைகளுக்கு வழங்கியது. பாராளுமன்றம் வகுக்கும் எல்லைக்குள்தான் என்றாலும், மாகாண சபைகளின் கையில் இருந்த சொந்த வருமானங்களுள் முக்கியமானது அதுவே. 2010 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் 2011 முதல் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. பதிலாக, மத்திய அரசு அறவிடும் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு மாகாணங்களுக்குப் பகிரப்படும் என்றனர். அந்த வரியும் 2019 டிசம்பரில் ஒழிக்கப்பட்டது. பல்லேகல மைதானத்தில் முதல் டெஸ்ட் பந்து வீசப்பட்டதும் மாகாணத்தின் விற்பனை வரி கைவிட்டுப் போனதும் ஏறத்தாழ ஒரே மாதத்தில் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் மாகாண சபையின் அலுவலகங்கள் இருப்பதும் அதே பல்லேகலவில்தான். அயலில் எழுந்த அரங்கு பற்றி அந்தச் சபை எடுத்த, நினைவில் நிற்கும் முடிவு ஒன்றுதான்: 2010இல் அதற்கு முரளிதரனின் பெயரைச் சூட்டத் தீர்மானித்தது. குண்டசாலைப் பக்கத்தில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்திய மலையகத் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைக்கு அது பொருத்தமான கௌரவமே. எனினும் மைதானம் இன்றும் பல்லேகல என்றே வழங்கப்படுகின்றது. பெயரைக்கூட நிலைநிறுத்த இயலாத சபைதான் நமது அதிகாரப் பகிர்வு.

அப்படியானால் அமெரிக்க முறையை இங்கு கொண்டுவரலாமா? ஜாக்சன் மாவட்டக் கணக்கைத் திகனச் சந்திக்குப் பொருத்திப் பாருங்கள். ஆயிரம் ரூபாவுக்குச் சாமான் வாங்கினால் மூன்று ரூபா எழுபத்தைந்து சதம். சிறிய தொகைதான். ஆனால் அதைக் கட்டப்போகின்றவர் யார்? ரஜவெல்லவின் கோல்ஃப் திடலுக்கு வருகின்ற கனவானும், மாத முடிவில் கடனுக்கு அரிசியும் பருப்பும் வாங்கும் தோட்டத் தொழிலாளியும் ஒரே வீதத்தில் கட்டுவார்கள். முன்னவருக்கு அது கண்ணில் படாது. பின்னவரோ தமது வருமானம் முழுவதையுமே கடையில் செலவிடுபவர். 2024 ஜனவரி முதல் 18 வீதமாக இருக்கும் பெறுமதி சேர் வரியின் மேல் அது இன்னொரு படி. வரியைச் சேர்த்துக் கொடுக்க வேண்டிய வணிகர்களோ, 2018 மார்ச்சில் கடைகள் எரிவதைக் கண்ட ஊர்க்காரர்கள். அவர்களிடம் போய் மைதானத்துக்காக ஒரு வரி என்று கேட்க எனக்கு நா எழாது.

மைதானத்தால் ஊருக்கு வருமானம் வரும் என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. 2023 செப்டம்பர் 2ஆம் திகதி ஆசியக் கிண்ணத்துக்காக இந்தியாவும் பாகிஸ்தானும் பல்லேகலவில் மோதின. இந்தியா ஆடி முடித்த பின்னர் பெய்த மழையில் போட்டி கைவிடப்பட்டாலும், அப்படி ஒரு போட்டிக்கு வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகின்றவர்கள் கண்டி விடுதிகளில் தங்குகின்றார்கள், உண்கின்றார்கள், முச்சக்கர வண்டி பிடிக்கின்றார்கள். ஆனால் ஆண்டில் அத்தகைய நாட்கள் எத்தனை? மற்ற நாட்களில் மகியங்கனை பஸ்கள் அந்த மைதானத்தின் பக்கம் திரும்பிப் பாராமலே போகின்றன. அமெரிக்கப் பொருளியலாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவதும் இதுதான்: மைதானங்களுக்காக மக்கள் கொடுக்கும் பணம் ஊருக்குத் திரும்பி வருவது அரிது. ஒஹாயோவின் ஹமில்டன் மாவட்ட மக்கள் 1996இல் இரண்டு மைதானங்களுக்காக அரை வீத விற்பனை வரிக்கு இணங்கினார்கள். பதிலாக வீட்டு வரியில் கழிவு தருவதாக வாக்களிக்கப்பட்டது. பொருளாதார மந்தத்தில் விற்பனை சுருங்கியது. வரி வருமானம் குறைந்தது. வாக்களித்த கழிவு வெட்டப்பட்டது. ஒப்பந்தத்தின்படி அணிகளுக்குச் செய்ய வேண்டியவை மட்டும் நின்றுவிடவில்லை.

எனது நிலைப்பாடு இதுதான். மைதானத்துக்கு வரி தேவையானால், அதை மைதானத்துக்குள் போகின்றவரிடம் அறவிட வேண்டும். அரிசி வாங்குகின்றவரிடம் அல்ல. இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. நுழைவுச்சீட்டின் மீது வரி அறவிடும் அதிகாரத்தை 1946ஆம் ஆண்டின் களியாட்ட வரிக் கட்டளைச் சட்டமே உள்ளூராட்சி மன்றங்களுக்கு வழங்கியிருக்கின்றது. இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் ஐ.பி.எல். நுழைவுச்சீட்டுக்கு 40 வீதம் சரக்கு சேவை வரி. அது அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் இருக்கலாம். ஆனால் விளையாட்டைப் பார்க்காத எவரும் அதைக் கட்டுவதில்லை. அடுத்ததாக, பொதுப் பணம் ஒரு ரூபாவேனும் போவதானால் அதை முன்கூட்டியே கேட்க வேண்டும். ஜாக்சன் மாவட்ட மக்களின் முடிவு சரியா தவறா என்பது எனக்கு முக்கியமல்ல. அவர்கள் முன்னால் ஒரு தொகையும் ஒரு காலமும் வைக்கப்பட்டன என்பதே முக்கியம்.

கேட்டால் என்ன நடக்கும் என்பதை இலங்கையும் ஒரு முறை கண்டது. 2020 மே மாதம், பெருந்தொற்றின் நடுவே, ஹோமாகமவில் 60,000 பேருக்கான மைதானம் ஒன்று அறிவிக்கப்பட்டது. இருக்கின்ற மைதானங்களிலேயே போதிய போட்டிகள் இல்லையே என்று மஹேல ஜயவர்தன வெளிப்படையாகக் கேட்டார். சில நாட்களில், முன்னாள் தலைவர்களைச் சந்தித்த பிரதமர் மகிந்த ராஜபக்ஷ திட்டத்தைக் கைவிடச் செய்தார். ஒரு துடுப்பாட்ட வீரரின் கேள்விக்கு இருந்த வலு, ஒரு பிரதேச சபைத் தீர்மானத்துக்கு இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

2025 செப்டம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க யாழ்ப்பாணத்தின் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார். வடக்கின் பிள்ளைகளுக்கு நல்ல ஆடுகளம் வேண்டும் என்பதில் எனக்கு மறுகருத்து இல்லை. அதைப் பல பதிற்றாண்டுகளாக மறுத்ததே அநீதி. ஆயினும் வட மாகாண சபையில் 2018 அக்டோபர் முதல் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லை. மத்திய மாகாணத்திலும் அதே நிலைதான். ஆகவே வேலணைப் பிரதேச சபையில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்கள் இப்போதே எழுந்து கேட்க வேண்டும்: ஆண்டில் எத்தனை நாட்கள் போட்டி? மற்ற நாட்களில் புல் வெட்டுவதும் மின்கட்டணம் கட்டுவதும் யார் பொறுப்பு? நுழைவுச்சீட்டில் எமது சபைக்கு எவ்வளவு? பல்லேகலவில் இவற்றைக் கேட்பதற்கு ஆளிருக்கவில்லை.