நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம் வாங்கப் போறீங்களா? எடைக்கு முன்னால் பட்டையைப் பாருங்கள்!

நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறித்ததும் புடவைக்கு அடுத்து வீட்டில் கிளம்பும் பேச்சு மோதிரம். 'ஒரு கல்லாவது வைரமா இருக்கட்டுமே' என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். தங்கம் வாங்கிப் பழகிய அம்மாக்களுக்கு கிராம் கணக்கு, செய்கூலி, சேதாரம் எல்லாம் அத்துப்படி. ஆனால், வைர கவுன்டரில் 'ஈ.எஃப் கலர், வி.வி.எஸ் கிளாரிட்டி' என்று விற்பனையாளர் அடுக்க ஆரம்பித்ததும், தலையாட்டுவதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை. அந்த எழுத்துகளுக்கு அர்த்தம் தெரிந்துவிட்டால், கையில் இருக்கும் பட்ஜெட்டிலேயே இன்னும் அழகான கல்லை வாங்கிவிடலாம்.

இரண்டு கேரட்டும் ஒன்றல்ல!

தங்கத்தில் கேரட் என்பது சுத்தம். வைரத்தில் கேரட் என்பது எடை. ஒரு கேரட் என்றால் 0.2 கிராம். அதை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். '30 சென்ட் கல்' என்றால் 0.30 கேரட்.

வைர மோதிரம் பெரும்பாலும் 18 கேரட் தங்கத்தில்தான் கிடைக்கும். அதாவது 75 சதவிகிதம் தங்கம். 22 கேரட் தங்கம் மென்மையானது என்பதால், கல்லைப் பிடித்திருக்கும் சின்னக் கால்கள் நாளடைவில் வளைந்து கல் ஆட ஆரம்பிக்கலாம். '18 கேரட்டா?' என்று முகம் சுளிக்கத் தேவையில்லை.

ஜொலிப்பது பட்டையால்தான்

வைரத்தின் தரத்தை நான்கு விஷயங்களை வைத்துச் சொல்கிறார்கள். பட்டை, நிறம், தெளிவு, எடை. அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ என்ற ரத்தினவியல் நிறுவனம் 1950-களில் வகுத்த அளவுகோல்தான் இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது.

இதில் கண்ணுக்கு முதலில் தெரிவது பட்டை. வட்ட வடிவக் கல்லில் 57 அல்லது 58 பட்டைகள் இருக்கும். மேலே விழும் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி மேலேயே வரும்படி அவற்றைத் தீட்ட வேண்டும். கல் அளவுக்கு மீறி ஆழமாகவோ தட்டையாகவோ இருந்தால், வெளிச்சம் அடியிலும் பக்கத்திலும் கசிந்துவிடும். கல் மங்கலாகத் தெரியும். எடை குறையக் கூடாது என்று அடிப்பாகத்தைக் கனமாக விட்டுத் தீட்டிய கற்களும் சந்தையில் உண்டு. அந்த எடைக்கும் நாம்தான் பணம் கொடுக்கிறோம். ஆனால், அது மோதிரத்துக்குள் ஒளிந்துகொள்ளும். வட்டக் கல் என்றால் சான்றிதழில் பட்டைக்கு 'எக்ஸலன்ட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். 'வெரி குட்'டுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

எங்கே சிக்கனம் பிடிக்கலாம்?

நிறத்தில் பிடிக்கலாம். 'டி' எழுத்தில் தொடங்கி 'இசட்' வரை போகும் வரிசை இது. 'டி', 'ஈ', 'எஃப்' மூன்றும் நிறமே இல்லாதவை. 'ஜி', 'ஹெச்' கற்களில் மிக லேசான சாயல் இருக்கும். மஞ்சள் தங்கத்தில் பதித்த பிறகு அது சாதாரணக் கண்ணுக்குத் தெரிவது கஷ்டம். பிளாட்டினம், வெள்ளைத் தங்கம் என்றால் ஓரிரு படி மேலே போகலாம். பாட்டிகள் பெருமையாகச் சொல்லும் 'ப்ளூ ஜாகர்' என்பது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. இன்றைய தர வரிசையில் அப்படி ஒரு பிரிவு இல்லை. கடையில் அந்தப் பெயரைச் சொன்னால், சான்றிதழில் என்ன எழுத்து இருக்கிறது என்று கேளுங்கள்.

தெளிவிலும் பிடிக்கலாம். கல்லுக்குள் இருக்கும் நுண்ணிய புள்ளிகளை 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்துத்தான் 'வி.வி.எஸ்', 'வி.எஸ்' என்று தரம் பிரிக்கிறார்கள். 'வி.எஸ்' கல்லில் இருக்கும் புள்ளி வெறும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டுமா என்பது உங்கள் முடிவு.

எடையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 50 சென்ட், ஒரு கேரட் போன்ற முழு எண்களைத் தொட்டதும் விலை தாவும். 47, 48 சென்ட் கல்லுக்கும் 50 சென்ட் கல்லுக்கும் விரலில் வித்தியாசம் தெரியாது. பில்லில் தெரியும்.

ஆய்வக வைரமா, சுரங்க வைரமா?

ஆய்வகத்தில் வளர்க்கும் வைரமும் கார்பன்தான், கடினத்தன்மையும் ஒன்றுதான். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அமெரிக்கன் டைமண்ட் எனப்படும் ஏ.டி கல் வேறு. அது வைரமே அல்ல. ஆய்வக வைரத்துக்கென ஓர் ஆராய்ச்சி மையம் அமைக்க, 2023 மத்திய பட்ஜெட் அறிவிப்பைத் தொடர்ந்து சென்னை ஐ.ஐ.டி-க்கு நிதி ஒதுக்கப்பட்டது. சுரங்க வைரத்தைவிட இது விலை மிகக் குறைவு. மறுவிற்பனை மதிப்பும் மிகக் குறைவு. எதை வாங்கினாலும் சரி, இரு வீட்டாருக்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. கல்யாணத்துக்குப் பிறகு யாரோ சொல்லித் தெரிய வந்தால், அது கல்லோடு நிற்காது.

பில் போடும் முன் பாருங்கள்

* ஜி.ஐ.ஏ, ஐ.ஜி.ஐ போன்ற ஆய்வகங்களின் சான்றிதழ் எண்ணை அவர்களின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். பல கற்களின் இடுப்புப் பகுதியில் அந்த எண்ணை லேசரால் பொறித்திருப்பார்கள். லென்ஸ் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

* ஹால்மார்க்கும் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி எண்ணும் தங்கத்துக்கு மட்டும்தான். அவை வைரத்துக்கு உத்தரவாதம் அல்ல.

* மொத்த எடையிலிருந்து கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட வேண்டும். 50 சென்ட் கல் என்றால் 0.1 கிராம் கழிய வேண்டும்.

* கடை விளக்கில் எந்தக் கல்லும் மின்னும். வாசல் பக்கம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.

* திரும்பக் கொடுத்தால் எத்தனை சதவிகிதம் கிடைக்கும், பணமாகவா, மாற்று நகையாகவா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். அவசரத்துக்கு நகையை அடகு வைத்துப் பழகியவர்கள் நாம். நகைக் கடனில் தங்கத்தின் எடைக்குத்தான் மதிப்பு, கல்லைக் கழித்துவிடுவார்கள். வைரம் ஆசைக்கு வாங்குவது, சேமிப்புக்கு அல்ல. அதனால் 'எதிர்வீட்டு மாப்பிள்ளை ஒரு கேரட் போட்டாராம்' என்று கடன் வாங்கிப் பெரிய கல்லுக்குப் போக வேண்டாம்.

கடைக்குப் போகும்போது மோதிரத்தை அணியப்போகிறவரையும் கூட்டிப் போங்கள். சமையல், கீபோர்டு, பைக் சாவி என்று நாள் முழுக்க ஓடும் கை என்றால், தூக்கலாக நிற்கும் கல் புடவையிலும் தலைமுடியிலும் மாட்டும். கல்லைச் சுற்றித் தங்கத்தால் விளிம்பு கட்டிய மோதிரம் அவருக்கு வசதி. நிச்சயத்தன்று போட்டுவிட்டு லாக்கருக்குப் போகும் ஒரு கேரட்டைவிட, தினமும் விரலில் இருக்கும் 30 சென்ட் நல்ல தேர்வு.