பார்க்காமல் ஆடாத தேனீ



கூட்டு முயற்சி என்று பேச்சை ஆரம்பித்தாலே எறும்பையும் தேனீயையும் மேடைக்கு இழுத்து வந்துவிடுகிறோம். "என்ன உழைப்பு! என்ன ஒற்றுமை!" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தேனீயிடம் நாம் கற்க வேண்டியது உழைப்பை அல்ல; நாலு பேர் சேர்ந்து ஒரு முடிவை எப்படி எடுப்பது என்பதைத்தான் என்பது என் கருத்து.

ஐரோப்பியத் தேனீயை எடுத்துக்கொள்வோம். கூட்டில் கூட்டம் பெருத்துவிட்டால் பழைய ராணியோடு சுமார் 10,000 தேனீக்கள் பிரிந்து வந்து மரக்கிளையில் கொத்தாகத் தொங்கும். இனி புது வீடு பார்க்க வேண்டும். முடிவு செய்வது யார்? ராணி என்றுதானே நினைப்போம்? இல்லவே இல்லை! சில நூறு வேவுத் தேனீக்கள் நாலா திசையும் பறந்து மரப்பொந்து தேடுகின்றன. திரும்பி வந்து, கண்ட இடத்தின் திசையையும் தூரத்தையும் ஆடிக் காட்டுகின்றன. இந்த ஆட்டமொழியைப் புரிந்துகொண்ட கார்ல் வான் ஃப்ரிஷ் 1973-இல் நோபல் பரிசு பெற்றார். வீடு தேடும் படலத்தை அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டவரும், பின்னர் அமெரிக்காவின் தாமஸ் சீலியும் ஆராய்ந்தார்கள்.

அவர்கள் கண்டது என்ன? இடம் நன்றாக இருந்தால் ஆட்டம் நீளும். சுமாராக இருந்தால் சீக்கிரம் முடியும். அந்த ஆட்டத்தைப் பார்த்த இன்னொரு வேவுத் தேனீ அப்படியே காப்பி அடிப்பதில்லை. தானே பறந்து போய், பொந்துக்குள் நுழைந்து பார்த்து, பிடித்தால்தான் வந்து ஆடும். தன் இடம் நல்ல இடமே ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடும். வறட்டுப் பிடிவாதம் கிடையாது. ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் இருபது, முப்பது தேனீக்கள் கூடிவிட்டால் முடிவு கனிந்தது என்று பொருள். பிறகு மொத்தக் கூட்டமும் அங்கே பறக்கும்.

இப்போது நம்ம ப்ராஜெக்ட் பேட்சைப் பாருங்கள். ஆறு பேர். "சீனியர் பண்ணதையே பண்ணிடலாம் மச்சி" என்பான் ஒருத்தன். "ஓகேடா" என்பார்கள் மற்ற ஐந்து பேர். அந்த மாடலைப் போய்ப் பார்த்தவர் யார்? யாருமில்லை! கடைசியில் ஒருத்தன் ராத்திரி பகலாக வேலை செய்வான். ரிப்போர்ட்டில் ஆறு பெயர் இருக்கும். வைவாவில் எக்ஸ்டர்னல் ஒரு கேள்வி கேட்டதும் ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இதற்குப் பெயர் ஒற்றுமையா? தலையாட்டல்!

"தேனீக்கள் ஒரே குடும்பம், நமக்கோ தனித்தனி மார்க்" என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் மார்க் இரண்டு வருடத்தில் மறந்துவிடும், பழக்கம் மறக்காது. நாளை நாம் சூப்பர்வைசர் ஆவோம். கிரேன் ரோப்பைப் பார்க்காமலே "செக் செய்யப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டால், அதன் கீழே நிற்கும் தொழிலாளியின் உயிருக்கு யார் பொறுப்பு?

ஆகவே தோழர்களே, அடுத்த ப்ராஜெக்டுக்கு உட்காரும்போது மூன்று விஷயம் செய்வோம். நாமே போய்ப் பார்ப்போம். பார்த்ததை அதன் தகுதிக்கு மேல் புகழாமல் சொல்வோம். சொன்ன பிறகு பிடிவாதத்தை விடுவோம். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆனால் வடத்தில் கை வைத்தவர்கள் எல்லாரும் இழுக்கவும் வேண்டும்!