சிப்பாயின் சட்டையைக் கழற்றாதீர்கள்

நவராத்திரி நெருங்கிவிட்டால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் பரண்களிலிருந்து பெட்டிகள் இறங்கும். பழைய செய்தித்தாளைப் பிரித்து, மூக்கு உடைந்த ராமரையும் சாயம் போன செட்டியாரையும் வரிசையாக வைத்து, யாருக்குப் புது வண்ணம் தீட்டுவது என்று குடும்பமே கூடிப் பேசும். மண் பொம்மைக்கு அது நியாயம்தான். ஆனால் சில வீட்டுக் கொலுவில், படிகளுக்குக் கீழே பூங்காவும் ரயிலடியும் அமைக்கும் இடத்தில், உலோகத்தாலான குட்டிச் சிப்பாய்கள் நான்கைந்து பேர் நிற்பதுண்டு. தாத்தா காலத்தில் வந்தவர்கள். அல்லது சோர் பஜாரில் கிடைத்தவர்கள். அவர்களுக்கும் இதே வைத்தியத்தைச் செய்யப் புறப்படுகிறோம். அது கூடாது என்பதே என் கட்சி.

சென்ற ஆண்டு எங்கள் கட்டடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் தவழும் பேரன் கொலுவிலிருந்து ஒரு சிப்பாயை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். பாட்டி பதறிப் பிடுங்கினார். “பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும். சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடித்தால் பயமில்லை” என்று தாத்தா தீர்ப்புச் சொல்லிவிட்டு, பால்கனியில் உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தெரிந்தபோது இரண்டு சிப்பாய்கள் வழவழவென்று ஆகியிருந்தார்கள். தரையெல்லாம் சிவப்பும் சாம்பலுமாகப் பொடி. அதே தரையில்தான் பேரன் தவழ்கிறான்.

அவர் சொன்னதில் பாதி சரி. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல்தான் வந்தது. 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அவர் மறந்த மற்றொரு பாதிதான் முக்கியம். அந்தச் சிப்பாயின் உடம்பே ஈயம்! சட்டையைக் கழற்றினால் விஷம் போய்விடாது. மூடியிருந்த விஷம் வெளியே வரும். அதோடு தேய்த்த பொடியும் சேர்ந்துகொள்ளும். குழந்தையின் உடம்பில் ஈயம் இவ்வளவு சேர்ந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

“நாங்கள் ஈயச் சொம்பில் ரசம் வைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. கலப்படமில்லாத ரசச் சொம்பு வெள்ளீயம். பொம்மைச் சிப்பாய் காரீயம். தமிழில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகியதால் வந்த குழப்பம் இது. இரண்டும் வேறு வேறு உலோகங்கள்.

இந்தச் சிப்பாய்களின் பூர்வீகம் பெரும்பாலும் லண்டன். 1893இல் வில்லியம் பிரிட்டன் என்பவர், உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, வெளிப்பக்கம் இறுகியவுடன் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, உள்ளே கூடாக வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். எடையும் குறைந்தது, விலையும் குறைந்தது. நடுத்தரக் குடும்பத்துச் சிறுவனுக்கும் ஒரு படை கிடைத்தது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் படைகள் எல்லாம் பொம்மையாயின. வங்காளக் குதிரைப்படை உண்டு. நம் மதராஸ் காலாட்படையும் உண்டு. 1966வாக்கில் பாதுகாப்பு விதிகள் காரணமாக அங்கே ஈயச் சிப்பாய்த் தயாரிப்பு நின்றுபோயிற்று.

இங்கேதான் என் இரண்டாவது ஆட்சேபம். அந்தத் தொழிற்சாலையில் ஒரே அச்சில் வார்த்த உருவத்துக்கு வேறு வேறு வண்ணம் கொடுத்து வேறு வேறு படைப்பிரிவாக விற்றார்கள். தலைப்பாகையின் நிறம், சட்டையின் நிறம், கழுத்துப்பட்டையின் நிறம், இவைதான் ஒருவனை வங்காளத்தான் என்றும் மற்றவனை மதராஸ்காரன் என்றும் காட்டுகின்றன. பெயிண்ட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஊரும் பேரும் இல்லாத ஓர் ஈயக் கட்டி. மண் பொம்மைக்கு வண்ணம் தீட்டுவது வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல. இந்தச் சிப்பாயின் வண்ணத்தைச் சுரண்டுவது பழைய பத்திரத்தின் எழுத்தை அழிப்பது போல. மறுபடி எவ்வளவு அழகாகத் தீட்டினாலும் அது நம் கையெழுத்துதானே தவிர, மூலம் ஆகாது. சேகரிப்பவர்கள் புதிதாகப் பளபளக்கும் பொம்மையைவிட, அங்கங்கே உதிர்ந்த மூல வண்ணத்துக்கே அதிக விலை தருவதன் காரணமும் இதுதான்.

“பிறகு வேறு யாரோ பூசிய வண்ணமாக இருந்தால்?” என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. தடித்த பூச்சில் கண்ணும் பொத்தானும் மூழ்கிக் கிடந்தால், உதிர்ந்த இடத்தில் அடியில் வேறு நிறம் தெரிந்தால், அது பிற்காலப் பூச்சுதான். ஆனாலும் அவசரம் வேண்டாம். மேல் பூச்சு எது, அடிப் பூச்சு எது என்று கரைப்பானுக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும்.

நம் வீட்டு வைத்தியங்கள் இதைவிட மோசம். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கத்தில் ஈயத்தையும் தேய்த்துவிடுவோம். புளியும் வினிகரும் ஈயத்தை அரிக்கும். வினிகர் ஆவியில் ஈயத்தை வைத்து வெள்ளைப் பொடியாக்கித்தான் அந்தக் காலத்தில் பெயிண்ட்டுக்கு வெள்ளை நிறமே தயாரித்தார்கள். காஸ்டிக் சோடாவும் ஈயத்தை அரிக்கும். சூடு காட்டி உரிக்கலாம் என்றால், சுத்தமான ஈயம் 327 டிகிரியில் உருகும். பொம்மைக் கலவை அதற்கும் முன்பே இளகிவிடும்.

வீட்டுப் பையன்கள் இப்போது விளையாட்டுக்கு வாங்கும் உலோகக் குட்டி வீரர்களின் கதை வேறு. 1990களில் பல தயாரிப்பாளர்கள் ஈயத்தை விட்டு வெள்ளீயக் கலவைக்கு மாறிவிட்டார்கள். அவனே தீட்டி, அவனுக்கே பிடிக்காமல் போன வண்ணத்தை எடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. பழுப்பு நிற டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, ஒரு நாள் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். அதிலுள்ள டெர்பினியாலும் ஆல்கஹாலும் செய்கிற வேலை அது. உடனே தண்ணீரில் காட்டக்கூடாது. இளகிய பெயிண்ட் பசையாக ஒட்டிக்கொள்ளும். முதலில் டெட்டாலிலேயே அலசி, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். கையுறை அவசியம். ஜன்னல் திறந்திருக்கட்டும். சமையலறைப் பாத்திரம் எதையும் தொட வேண்டாம்.

பழைய ஈயச் சிப்பாய்க்கு நான் சொல்வது மிகவும் சுலபம்: ஒன்றும் செய்யாதீர்கள். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். கண்ணாடிக்குப் பின்னால், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். புது மரப்பெட்டியும் பிளைவுட் அலமாரியும் வேண்டாம். அவற்றிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும். தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பேரன் விளையாடக் கேட்டால் ஒரு மரப்பாச்சியைக் கொடுங்கள்.

அடுத்த வீட்டுத் தாத்தா இந்த வருடம் மிச்சமிருந்த நான்கு சிப்பாய்களைக் கண்ணாடிப் பேழையில் வைத்துவிட்டார். தேய்த்த இருவரையும் பக்கத்திலேயே நிறுத்தியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். “பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும்” என்றார்.