மூச்சைக் கவனிப்போரும் மூச்சு வாங்குவோரும்

அண்மைக் காலமாகக் கொழும்பு மாநகரில் ஒரு புதிய உபதேசம் பரவி வருகின்றது. விழிப்புநிலைத் தலைமைத்துவம், சுய பராமரிப்பு, தொழிலில் ஆன்மிகம் என்றெல்லாம் பெயர் சூட்டப்பெற்று, விடுதி மண்டபங்களிலும் கம்பனிக் கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் பயிற்சி முகாம்கள் நடைபெறுகின்றன. கண்களை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள், கோபம் வந்தால் மேகம்போலக் கடந்துபோக விடுங்கள், உங்கள் மனத்தை நீங்களே பேணிக்கொள்ளுங்கள் என்பதே இவற்றின் சாரம். நாமும் சக ஆசிரியர்களும் இத்தகைய முகாம் ஒன்றில் ஒரு சனிக்கிழமை முழுவதையும் கழித்தோம். ஓய்வின் அவசியம் பற்றி எமக்கு ஓய்வு நாளிலேயே விரிவுரை நிகழ்த்தப்பட்டது. ஒழுங்கு செய்தவர்களுக்கு இம்முரண் புலப்பட்டதாகத் தெரியவில்லை.

தியானத்தை நாம் பழிக்கவில்லை. வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷனிலோ கொட்டாஞ்சேனைக் கோயிலொன்றிலோ, நாள் முழுதும் உழைத்துக் களைத்த ஒருவர் மாலையில் அரைமணி நேரம் அமைதியாக இருந்து எழுவதை எள்ளி நகையாடும் அளவுக்கு நாம் அறிவிழந்தோம் அல்லோம். எமது வினா வேறு. இம்மன அமைதி யாரால் யாருக்குப் போதிக்கப்படுகின்றது? எதற்குப் பதிலாகப் போதிக்கப்படுகின்றது?

காலி வீதியிலே வெள்ளவத்தைப் புடைவைக் கடைகளைச் சற்று நோக்குங்கள். வாடிக்கையாளர் வராத வேளையிலும் விற்பனைப் பெண்கள் நின்றுகொண்டே இருப்பதைப் பல கடைகளிற் காணலாம். அவர்களுக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும் கலை தேவைப்படலாம்; ஆயின் அதற்கு முன் ஒரு முக்காலி தேவைப்படுகின்றது. கேரளத்திலே கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் இதனை உணர்ந்தனர். உட்காரும் உரிமை வேண்டும் எனச் சங்கம் அமைத்துப் போராடினர். 2018 இல் கேரள அரசு தன் சட்டத்தைத் திருத்தியது. 2021 இல் தமிழ்நாடும் கடைத் தொழிலாளருக்கு இருக்கை அளிக்க வேண்டுமென அவ்வாறே சட்டம் இயற்றிற்று. மூச்சுப் பயிற்சி முகாம் எதுவும் அந்த இருக்கையை வாங்கித் தரவில்லை என்பதை நினைவிற் கொள்க.

இவ்வுபதேசிகள் புத்தர் பெருமானின் பெயரைத் துணைக்கழைப்பர். இவர்கள் கூறும் விழிப்புநிலை எண்வழியின் ஏழாம் அங்கம். தமிழ்ப் பௌத்த மரபு அதனை நற்கடைப்பிடி என வழங்கும். ஏழாவதற்கு முன் ஐந்தாவது ஒன்றுண்டு: நல்வாழ்க்கை, அதாவது பிறருக்குத் தீங்கிழையாத வழியிற் சீவனம் நடத்துதல். ஏழாவதைப் பிடுங்கி எடுத்து ஐந்தாவதை மூடி வைப்பது எந்தப் பௌத்தமோ நாமறியோம். அமெரிக்காவில் 1979 இல் ஜோன் கபாட்-சின் என்னும் அறிஞர் நாட்பட்ட நோவினால் வருந்திய நோயாளரின் துயர் தணிக்கவே இப்பயிற்சியை மருத்துவமனைக்குள் கொண்டு சென்றார். அது நன்னோக்கமே. அங்கிருந்து அது 2007 அளவில் கூகுள் நிறுவனத்தின் பயிற்சி வகுப்பாகி, இன்று எமது மண்டபங்களுக்கு இறக்குமதிச் சரக்காக வந்து சேர்ந்துள்ளது. வழியிலே ஐந்தாம் அங்கம் கழன்று விழுந்துவிட்டது.

தலைமைக்கு ஆன்மிகம் வேண்டுமென்பவர்கள் தீக நிகாயத்துச் சிகாலோவாத சூத்திரத்தை ஒருமுறை வாசிக்கட்டும். வேலை கொள்வோன் தன் ஏவலாளருக்குச் செய்ய வேண்டிய கடமைகள் ஐந்து அங்கே கூறப்படுகின்றன. அவரவர் வலிமைக்கேற்ப வேலையைப் பகிர்தல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல், அரிய உணவு கிடைத்தால் அவர்களுடன் பங்கிட்டுக் கொள்ளுதல், உரிய காலத்தில் விடுமுறை அளித்தல். இவ்வைந்தினுள் மூச்சைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏவலாளன் தன்னைத் தானே பேணிக்கொள்ளட்டும் என்றும் இல்லை. பேணும் பொறுப்பு வேலை கொள்வோன் தலையிலே தெளிவாகச் சுமத்தப்பட்டுள்ளது.

ஆன்மிகமுள்ள தலைவர் அமைந்துவிட்டால் அனைத்தும் செம்மையாகும் என்ற நம்பிக்கைக்கு எமது ஊரே மறுமொழி கூறும். கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கற்றளியாக எழுப்பியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். ஆழ்ந்த சைவர், 1905 - 1906 இல் அமெரிக்கா சென்று மெய்யுணர்வு பற்றி விரிவுரை நிகழ்த்தியவர், பெண்கள் கல்விக்காக இராமநாதன் கல்லூரியை நிறுவியவர். இவற்றையெல்லாம் நாம் நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் டொனமூர் ஆணைக்குழுவின் காலத்திலே, உடைமையும் கல்வியும் அற்ற எளிய மக்களுக்கும் வாக்குரிமை வழங்குவதை எதிர்த்தோர் வரிசையில் அப்பெருமகனும் நின்றார். 1931 இல் அவ்வுரிமை வந்தது. அவரைப் போன்றோரின் விருப்பத்தை மீறியே வந்தது. உள்ளொளி ஒருவருக்கு இருக்கலாம். அவ்வொளி தன் தெருவில் வாழும் கூலியாளின் முகத்தில் விழாமலும் இருக்கலாம்.

வேறொரு வழியும் நம்மிடையே இருந்தது. காரைதீவிற் பிறந்து, பட்டமும் அதிபர் பதவியும் பெற்று, 1924 இல் துறவு பூண்ட விபுலாநந்த அடிகள், துறவைத் தம் மனச்சாந்திக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. கிழக்கிலங்கையின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்.

தொழிலாளர் தம்மைத் தாமே பேணிக்கொண்ட வரலாறும் வெள்ளவத்தைக்கு உண்டு. 1933 இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளர், அவர்களுட் பெரும்பாலோர் மலையாளிகள், வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அன்று இளம் வழக்கறிஞராயிருந்த கொல்வின் ஆர். டி சில்வா அவர்களின் சங்கத்துக்குத் தலைவரானார். பொருளாதார மந்தம் உலகை வாட்டிய காலம் அது. அத்தொழிலாளருக்கும் மனவுளைச்சல் இருந்திருக்கும், உறக்கமின்மை இருந்திருக்கும். அதற்கு அவர்கள் கண்ட மருந்து ஒருவர் கையை ஒருவர் பற்றுதல். ஆலை நின்ற நிலத்தில் இன்று வானளாவும் குடியிருப்பு மாடிகள் நிற்கின்றன.

எம் ஆசிரியத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். உள்ளம் கருகிப்போகும் சோர்வினை உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வரையறுத்தபோது, அதனைத் தனிமனிதரின் நோயாக வகைப்படுத்தவில்லை. செம்மையாகக் கையாளப்படாத நீண்டகாலத் தொழிலிட அழுத்தத்தின் விளைவு என்றே வகுத்தது. தொழிலிடத்தின் கோளாற்றுக்குத் தொழிலாளியின் மூச்சுக்குழலில் மருந்து தேடுகின்றனர் எமது பயிற்சியாளர்கள். 2022 செப்டெம்பரிலே கொழும்பில் விலைவாசி ஓராண்டுக்குள் ஏறக்குறைய 70 வீதம் ஏறியிருந்தது. அம்மாதங்களில் ஆசிரியர் வீட்டுச் சமையலறையில் நிகழ்ந்தது மனத்தின் சலனமா, அரிசியின் விலையா?

இரு தசாப்தங்களுக்கு மேலாகத் தீராதிருந்த சம்பள முரண்பாட்டை எதிர்த்து 2021 ஜூலையில் ஆசிரியரும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி, மூன்று மாதங்களுக்கு மேலாகப் பணிமறுத்து நின்றனர். கேட்டதில் ஒரு பகுதியேனும் கிடைத்தது அதன் பின்னரே. 2024 ஜூன் 26 இல் சுகவீன விடுமுறை அறிவித்துக் கொழும்புக் கோட்டையிற் கூடியபோது கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் வீசப்பட்டன. மூச்சைக் கவனிக்க வேண்டிய நாள் ஒன்று இருந்ததென்றால் அது அந்த நாள்தான்.

கோபத்தைக் கடந்துபோக விடுங்கள் என்கிறார்கள். நியாயமான கோபம் கடந்துபோகுமானால் முதலில் மகிழ்பவர் சம்பளப் பட்டியலைத் தயாரிப்பவரே. எம்மை அழைத்தவர்கள் அடுத்த தவணையிலும் இதே முகாமை நடத்த உள்ளனர். சிகாலோவாத சூத்திரத்தின் ஐந்து கடமைகளையும் ஒரு தாளில் எழுதி அவர்களிடம் ஒப்படைத்து, முகாமுக்கு வரும்போது லீவுப் பதிவேட்டையும் பாட நேர அட்டவணையையும் கையோடு எடுத்து வருமாறும், முகாமைக் கிழமை நாளில் நடத்துமாறும் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.