‘நிமோனியா’ என்று மட்டும் எழுதினால் போதுமா?

கடுமையான நுரையீரல் தொற்றினால் தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து நாள் இருந்து நலமடைந்த ஒருவர் வீடு திரும்பும் நாளில், அவருடைய குடும்பத்தாரிடம் பல தாள்கள் தரப்படுகின்றன. பில்லை எல்லாரும் வரி விடாமல் படிக்கிறார்கள். மருந்துச் சீட்டையும் படித்துப் பார்த்துச் சந்தேகம் கேட்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் சென்று, பிறகு பீரோவுக்குள் சென்றுவிடுகிறது. இதற்காகக் குடும்பத்தாரைக் குறை கூற எங்களுக்கு உரிமையில்லை. படிக்கத் தக்கதாக நாங்கள் அதை எழுதுவதில்லை என்பதே உண்மை.

சென்ற ஆண்டு எங்கள் வார்டுக்கு இரவு நேரத்தில் ஒரு பெரியவர் மூச்சுத் திணறலோடு வந்தார். நெடுநாள் சர்க்கரை நோயாளி. மூன்று மாதங்களுக்கு முன் எங்களிடமே நுரையீரல் தொற்றுக்குச் சிகிச்சை பெற்றவர். அவருடைய மகள் பழைய சம்மரியைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். அதில் நோயின் பெயர் என்ற இடத்தில் ‘நிமோனியா’ என்ற ஒரே சொல் இருந்தது. பணியிலிருந்த மருத்துவர் வழக்கமான ஆண்டிபயாடிக்கைத் தொடங்கினார். அந்தத் தாளை நம்பிய எவரும் அதையேதான் செய்திருப்பார்கள். இரண்டு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. ஆய்வகக் கணினியில் தேடியபோதுதான், முந்தைய முறை அவர் சளியில் கிளெப்சியெல்லா என்ற கிருமி வளர்ந்திருந்ததும், நாங்கள் இப்போது கொடுத்துவந்த மருந்துக்கு அது கட்டுப்படாது என்பதும் தெரிந்தன. அந்த முடிவு அவர் வீடு சென்ற மறுநாள் வந்திருக்கிறது. ஒருவரும் அதைச் சம்மரியில் சேர்க்கவில்லை. மருந்தை மாற்றினோம், பெரியவர் பிழைத்தார். “அப்படியென்றால் இது உங்களுக்கு முன்பே தெரியுமா, டாக்டர்?” என்று மகள் கேட்டார். ஆம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீடு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலிலிருந்து அது எடுக்கப்படுகிறது. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் பதிப்பே எங்கள் பதிவேட்டுப் பிரிவில் இன்றும் புழங்குகிறது. பதினோராம் பதிப்பு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. ‘நிமோனியா’ என்று மட்டும் எழுதினால் கிடைக்கும் குறியீடு ஜே 18.9, கிருமி குறிப்பிடப்படாதது என்று அதற்குப் பொருள். கிளெப்சியெல்லாவால் வந்தது என்று எழுதியிருந்தால் ஜே 15.0. உணவோ வாந்தியோ மூச்சுக்குழலில் புகுந்து வந்ததென்றால் ஜே 69.0. உடன் மூச்சுச் செயலிழப்பும் ஏற்பட்டிருந்தால் அதற்குத் தனியே ஜே 96.0. குறியீடு இடுபவர் எக்ஸ்ரேயைப் பார்த்தோ ஆய்வக எண்களைப் பார்த்தோ தாமாக நோயை முடிவு செய்யக் கூடாது. மருத்துவர் எழுதாதது அவரைப் பொறுத்தவரை நடக்காதது.

சென்னையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அமெரிக்க நோயாளிகளின் கோப்புகளுக்குக் குறியீடு இடும் வேலையில் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் தம் தாயாரைச் சேர்த்திருந்தபோது எங்கள் குறிப்புகளைப் படித்துவிட்டு, “அங்கே இப்படி எழுதினால் டாக்டருக்கு உடனே விளக்கம் கேட்டு அனுப்புவோம் சார். இங்கே உங்களை யாரும் கேட்பதில்லையா?” என்றார். சிரித்துச் சமாளித்தோம். அங்கே அந்த அக்கறைக்குப் பணமும் ஒரு காரணம். கிருமி குறிப்பிடப்படாத நிமோனியாவைவிடக் கிளெப்சியெல்லா நிமோனியாவுக்கு அந்நாட்டு மெடிகேர் திட்டம் மருத்துவமனைக்குக் கூடுதலாகத் தருகிறது. ஆகவே உள்ளதை மிகைப்படுத்தி எழுதும் ஆசையும் அங்கே பிறக்கிறது. அந்த ஆசை நமக்கு வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதும் பழக்கமாவது வேண்டும்.

காப்பீட்டுக் கோரிக்கைகள் தடைபடும் இடமும் பெரும்பாலும் இதுவே. தீவிர சிகிச்சைப் பிரிவு எதற்காகத் தேவைப்பட்டது என்று நிறுவனம் கேட்கிறது. வந்தபோது நோயாளி நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விட்டார், ஆக்சிஜன் அளவு என்ன, ரத்த அழுத்தம் என்ன, நினைவு தெளிவாக இருந்ததா ஆகியவை சம்மரியில் இருந்தால் அந்தக் கேள்விக்கு அதிலேயே விடை இருக்கும். ‘நிலைமை மோசம்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் எழுதிவிட்டு, குடும்பத்தாரைக் காப்பீட்டு மேசைக்கும் வார்டுக்கும் அலையவிடுவது எங்கள் தவறு.

இதில் உங்கள் பக்கமும் ஒன்றுண்டு. “சர்க்கரை இருப்பதை எழுதாதீர்கள், சிகரெட் பழக்கத்தைப் போடாதீர்கள், க்ளெய்ம் கிடைக்காது” என்று உறவினர்கள் தனியே அழைத்துச் சொல்வதுண்டு. அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. எனினும் நாங்கள் அதற்கு இணங்க இயலாது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு வரும் கிருமிகள் வேறாக இருக்கலாம். புகைபிடித்தவருக்குத் தொற்று ஆறிய பின்னும் எக்ஸ்ரே எடுத்து நிழல் மறைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மறைத்தது பின்னர் வெளிப்பட்டால் கோரிக்கை முழுவதுமே மறுக்கப்படலாம். மேலும், பாலிசி எடுக்கும்போதே முன்பிருந்த நோயைச் சொல்லிவிட்டவருக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதங்களே என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் வரையறுத்துள்ளது.

சொல்லத் தயக்கமாக இருப்பினும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மரணத்துக்கான காரணத்தை எழுதும் நான்காம் எண் படிவத்தில் ‘இதயம் நின்றது’, ‘மூச்சு நின்றது’ என்று எழுதுவது காரணம் ஆகாது. எல்லா மரணத்திலும் அவை நிற்கின்றன. எந்தத் தொற்று, அதற்கு அடியில் என்ன நோய் என்பதை எழுதினால்தான் நம் ஊரில் நுரையீரல் தொற்றால் எத்தனை பேரை இழக்கிறோம் என்பது அரசுக்குத் தெரியும்.

புறப்படும் முன் சம்மரியை எங்கள் முன்னிலையிலேயே படியுங்கள். கிருமியின் பெயர் இருக்கிறதா, எந்த மருந்து எத்தனை நாள் தரப்பட்டது, எது பலனளிக்கவில்லை, ஒவ்வாமை ஏதேனும் உண்டா என்று பாருங்கள். புரியாத சொல்லைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். அதற்குச் செலவாகும் ஐந்து நிமிடத்தை எந்த மருத்துவரும் மறுக்கக் கூடாது. பின்னர் முழுப் பதிவுகளும் தேவைப்பட்டால் கேட்டுப் பெறலாம். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி.

சளி, ரத்தக் கல்ச்சர் முடிவுகள் வர இரண்டு மூன்று நாள் ஆகும். ஆதலால் எங்கள் பிரிவின் சம்மரியில் ‘இன்னும் வரவேண்டிய முடிவுகள்’ என்று ஒரு கட்டத்தைச் சேர்த்திருக்கிறோம். முடிவு வந்ததும் உங்களைத் தொலைபேசியில் அழைத்து, திருத்திய தாளைத் தருவது வார்டு மருத்துவரின் பொறுப்பு. அந்தக் கட்டம் வெற்றாக இருந்தால் கையெழுத்திட்டு வாங்காதீர்கள். ‘ஏதுமில்லை’ என்றாவது எழுதித் தரச் சொல்லுங்கள்.