இயற்கைத் தேர்வும் நம் தேர்வுத்தாள்களும்

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் நமக்கு உயிரியல் விடைத்தாள்களோடு என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்பதில் நியாயமுண்டு. விலங்கியல் துறையில் பணியாற்றும் நண்பர் ஒருவர், தமிழ்வழி மாணவர்களின் அகமதிப்பீட்டுத் தாள்கள் சிலவற்றை அண்மையில் நம்மிடம் தந்து, ‘இவற்றின் மொழியைச் சற்றுப் பாருங்கள்’ என்றார். ஒட்டகச்சிவிங்கியின் நீண்ட கழுத்தை இயற்கைத் தேர்வுக் கொள்கையின்படி விளக்குக என்பது வினா. மொழியைப் பார்க்கத் தொடங்கிய நாம் வேறொன்றைப் பார்க்க நேர்ந்தது.

ஒரு மாணவர் மிகை இனப்பெருக்கம், வாழ்க்கைப் போராட்டம், வேறுபாடுகள், தக்கன பிழைத்தல் என நான்கு தலைப்புகளையும் அடிக்கோடிட்டு, வரிசை பிறழாமல் எழுதியிருந்தார். முடிவுரையில் மட்டும், ‘எனவே உயரத்திலுள்ள இலைகளை உண்பதற்காக ஒட்டகச்சிவிங்கி தன் கழுத்தை நீட்டிக்கொண்டது’ என்றிருந்தது. இது டார்வினின் கருத்தன்று. 1809இல் லாமார்க் சொன்னதற்கு நெருக்கமானது. பத்துக்கு ஒன்பது மதிப்பெண். ஒரு மாணவியோ தலைப்பு ஒன்றும் இல்லாமல் அரைப்பக்கம் எழுதியிருந்தார். பிறவியிலேயே சிலவற்றுக்குக் கழுத்து சற்று நீளம்; இலை அரிதான காலத்தில் அவையே மிகுதியாகப் பிழைத்தன; அவற்றின் குட்டிகளுக்கும் அந்த நீளம் வந்தது; பல தலைமுறைகளுக்குப் பின் கூட்டமே மாறிற்று. கொள்கையின் உயிர்நிலை முழுவதும் அதில் இருந்தது. அவருக்குக் கிடைத்தது ஐந்து.

இந்தக் குழப்பத்தில் சொற்களுக்கும் பங்குண்டு. ‘தேர்வு’ என்றால் தேர்பவர் ஒருவர் வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது. ஆங்கிலத்திலும் இதே இடர் இருந்தது. டார்வினோடு இக்கொள்கையைக் கண்டடைந்த வாலஸ், 1866இல் டார்வினுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சொல்லால் பலர் வழிதவறுவதைச் சுட்டி, ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் உருவாக்கிய ‘தக்கன பிழைத்தல்’ என்ற தொடரைப் பரிந்துரைத்தார். டார்வினும் 1869இல் வந்த தம் நூலின் ஐந்தாம் பதிப்பில் அத்தொடரைச் சேர்த்துக்கொண்டார். தமிழிலோ இடர் இரட்டிப்பு. நமக்குத் தேர்வு என்பது பரீட்சையும்கூட. இயற்கை ஒரு தலைமையாசிரியராகி, தேறியவர், தேறாதவர் என்று பட்டியல் ஒட்டுவதாக மாணவர் கற்பனை செய்தால் வியப்பில்லை. ‘தகவமைத்துக்கொண்டது’ என்ற வினையைப் பாருங்கள். அதன் ஈற்றிலுள்ள ‘கொள்’ என்னும் துணைவினை, தன் நலத்துக்காகத் தானே செய்தது என்ற பொருளை ஓசையின்றி உள்ளே கொண்டுவந்துவிடுகிறது.

ஆயினும் பழியெல்லாம் மொழியின்மீது போட்டுவிட இயலாது. ‘படியில் விழப் பார்த்தேன்’ என்பவர் விழ விரும்பியவர் அல்லர். ‘மழை வரப் பார்க்கிறது’ என்பதால் மழைக்கு எண்ணம் உண்டென்று எவரும் நம்புவதில்லை. ஆகவே ‘உண்பதற்காக நீட்டிக்கொண்டது’ என்று எழுதிய மாணவர் உண்மையிலேயே அப்படி நம்புகிறாரா, வழக்கில் உள்ள தொடரைக் கையாண்டாரா என்பதை அந்த ஒரு வரியைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும். நம் தேர்வுமுறை மறுபடி கேட்பதில்லை.

கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. 1990இல் பிஷப், ஆண்டர்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர், சிறுத்தை விரைவாக ஓடும் ஆற்றலை எவ்வாறு பெற்றது, குகையில் வாழும் உயிருக்குப் பார்வை எவ்வாறு இல்லாமல் போயிற்று என்பன போன்ற வினாக்களைக் கல்லூரி மாணவர்களிடம் வைத்தனர். தேவை ஏற்பட்டதால் உறுப்பு மாறியது என்பதே பலருடைய எண்ணமாக இருந்தது. 2002இல் டயான் ஆண்டர்சன், கேத்லீன் ஃபிஷர், கிரெகரி நார்மன் ஆகியோர் இருபது வினாக்கள் கொண்ட ஒரு தாளை அமைத்தனர். காலபகோஸ் குருவி, வெனிசுவேலாவின் கப்பி மீன், கேனரித் தீவுப் பல்லி ஆகியவற்றைப் பற்றிய வினாக்கள் அவை. அதில் தவறான விடைகளும் ஆராய்ந்து எழுதப்பட்டவை. மாணவர்கள் வழக்கமாகக் கொள்ளும் பிழையான எண்ணங்களே அங்கே விடைகளாக நிற்கும். நம் வினாத்தாள்களிலோ நான்கு விடைகளில் மூன்று வெறுமனே இடம் நிரப்புவன. பின்னர் ராஸ் நெம் குழுவினர் செய்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. சரியான கருத்தும் பிழையான கருத்தும் ஒரே மாணவரின் ஒரே விடையில் அருகருகே வாழும். உறுப்பு ஒன்று தோன்றியதைக் கேட்டால் ஒருவகையாகவும், மறைந்ததைக் கேட்டால் வேறுவகையாகவும் விளக்குவர். நண்பர் தந்த தாளில் நாம் கண்டதும் இதுவே.

என்ன செய்யலாம்? பாடநூலில் இல்லாத ஒன்றைக் கேட்கலாம் என்பது நம் கருத்து. கொசுவுக்கு அடித்த மருந்து சில ஆண்டுகளில் பயனற்றுப்போவது ஏன்? நம் வீடுகளில் இதற்கு ஆயத்தமான விடை ஒன்றுண்டு: ‘கொசுவுக்கு மருந்து பழகிவிட்டது.’ 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் டி.டி.டி. முதன்மைக் கருவியாக இருந்தது. பின்னர் அதற்கு மசியாத கொசுக்கள் பெருகின. எந்தக் கொசுவும் பழகிக்கொள்ளவில்லை. மருந்தைத் தாங்கும் மரபுத்தன்மை உடையவை கூட்டத்தில் ஒருசில இருந்தன. மற்றவை மடிந்தபின் அவற்றின் சந்ததியே எஞ்சிற்று. ‘பழகிவிட்டது’ என்ற விளக்கம் ஏன் போதாது என்று மாணவரை இரண்டு வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். தலைப்புகளை மனனம் செய்தவர் அங்கே நின்றுவிடுவார். அந்த மாணவி எழுதிவிடுவார்.

நூற்றுக்கணக்கான தாள்களைக் குறுகிய நாட்களில் திருத்த வேண்டிய ஆசிரியரிடம் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்பது நண்பரின் கேள்வி. அவர் துன்பம் நமக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒரு தாளில் இத்தகைய வினா ஒன்றே ஒன்று போதும். விடைக்குறிப்பில், தலைப்புக்கு மதிப்பெண் என்றிருப்பதை மாற்றி, வேறுபாடு முன்னரே இருந்தது, அது மரபுவழி வந்தது, உடையவை மிகுதியாகப் பெருகின என்ற மூன்று படிகளுக்கும் மதிப்பெண் என்று எழுதினால் திருத்தும் நேரம் கூடாது.

நம் துறையின் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். செய்யுள் நயம் பாராட்டுக என்றால் எதுகை, மோனை, அணி என்று தலைப்பிட்டு, எந்தப் பாட்டுக்கும் பொருந்தும் வரிகளை எழுதியவருக்கு நாமும் இருபதாண்டுகளாக மதிப்பெண் அளித்தே வந்திருக்கிறோம். பாட்டைப் படித்துத் தடுமாறித் தன் சொல்லில் எழுதியவருக்குக் குறைத்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தோடுதான் அம்மாணவர்கள் விலங்கியல் வகுப்புக்குப் போகிறார்கள்.

நண்பர் அந்த மாணவியின் தாளை மீண்டும் வாங்கிப் படித்து, ஐந்தை எட்டாக்கினார். ஒன்பது பெற்றவரை அழைத்துக் கொசுவைப் பற்றிக் கேட்கப்போவதாகவும் சொன்னார். மதிப்பெண்ணைக் குறைப்பதற்காக அல்ல என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டால்தான் அடுத்த வகுப்பை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும் என்றார்.